உத்தரகோசமங்கை இலந்தை

பிப்ரவரி 6, வெள்ளி – ராமநாதபுரம்

அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார்கள். அந்தக் காடு ராமநாதபுரம்தான் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கும்பகோணத்தில் வாய்க்கால் ஓரம் வளர்ந்த எனக்கு, இந்த ஊர் என்றாலே தொண்டை வறளும். அத்தை விடவில்லை. மகனுக்குத் திருமணம் தள்ளிக்கொண்டே போகிறது. உத்தரகோசமங்கை வாராகி அம்மனுக்கு மஞ்சள் அரைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். துணைக்கு ஆள் வேண்டும். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. மங்களநாதர் கோயிலின் தலவிருட்சம் ஓர் இலந்தை மரம். அதற்கு வயது மூவாயிரத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். மூவாயிரம் என்ற எண்ணை நான் நம்பவில்லை. மரத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் வெகுநாளாக ஆசை.

விடுதி அறையில் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. மேலாளர் பதறவில்லை. பையன் ஒருவனிடம் இரண்டு வாளி கொடுத்தனுப்பினார். பையன் வாளியை வைத்துவிட்டு, "சிக்கனமாகச் செலவு செய்யுங்கள் அக்கா" என்றான். அத்தைக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

இரவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். எனக்கு விளைமீன் குழம்பும் கணவாய் வறுவலும், 160 ரூபாய். அத்தைக்கு வத்தக்குழம்புச் சோறு, 80 ரூபாய். அந்த வத்தக்குழம்பில் தாளித்திருந்த குண்டு குண்டான மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல் தடித்தது. காரம் நாக்கின் நுனியில் கடிக்காமல் மெதுவாக ஏறுகிறது, வாசனை முன்னால் வந்துவிடுகிறது. அத்தை குழம்பிலிருந்த மிளகாயை ஒதுக்காமல் பிசைந்து சாப்பிட்டார். வீட்டில் நாங்கள் பார்த்தறியாத காட்சி.

பிப்ரவரி 7, சனி – உத்தரகோசமங்கை

காலையிலேயே கிளம்பிவிட்டோம். தூரம் சுமார் 18 கிலோமீட்டர்தான். பாதி வழியில் பஸ் இருமியது, உறுமியது, நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த உட்காரும் விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால் நடத்துநர் வானத்தைப் பார்க்கிறார்.

சாலையின் இரு புறமும் சீமைக் கருவேலம். கண்ணுக்கு எட்டிய வரை அதே சாம்பல் பச்சை. இடையிடையே பனை, தொலைவில் ஒரு கண்மாய்க் கரை, ஒரு துண்டு மிளகாய்த் தோட்டம். கருவேலத்துக்கு நடுவே ஓரிடத்தில் புகை எழுந்தது. கரிமூட்டம் என்றார் பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி. கட்டையை அடுக்கி, மண் பூசி மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கங்களிலிருந்து வந்த இந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. வெட்ட வெட்ட வேரிலிருந்து துளிர்க்கிற மரம் அது. திட்டுகிறவர்கள் வீட்டிலும் அடுப்பெரிவது அதனால்தான். "எங்களுக்குச் சோறு போடுவதும் இதுதான், கிணற்றைக் கெடுப்பதும் இதுதான்" என்றார் அந்த மூதாட்டி. அவர் கூடையில் அவித்த பனங்கிழங்கு இருந்தது. பத்துக் கிழங்கு கொண்ட கட்டு 50 ரூபாய். விற்பதற்குத்தான் கொண்டுபோகிறார், ஆனாலும் காசு கொடுக்கும் முன்பே ஒன்றை உரித்து, நாரை இழுத்துப் போட்டு, "முதலில் தின்னு தாயி" என்று அத்தையிடம் நீட்டினார். கிழங்கு கொஞ்சம் கசந்து பிறகு மாவாக இனித்தது.

வேறொரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியபோது மதியம் பன்னிரண்டரை தாண்டியிருந்தது. கோயில் நடை சாத்தியாயிற்று. நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வெயில் பிப்ரவரி வெயிலாகவே இல்லை. தரை கொதிக்க, காற்று மட்டும் கடல் பக்கத்திலிருந்து ஈரமாக வந்தது.

டீக்கடைப் பெஞ்சில் இடம் கிடைத்தது. கடைக்காரர் டீ 12 ரூபாய்க்குக் கொடுத்தார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவைத்ததற்குக் காசு வாங்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை வெளியூர் என்று கண்டுகொண்டதும், "மண் முந்தியோ, மங்கை முந்தியோ தெரியுமா?" என்று ஆரம்பித்தார். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் அந்தக் கேள்வி தயாராக இருக்கிறது. உலகம் தோன்றியது முதலா, மங்கை என்ற இந்த ஊர் தோன்றியது முதலா என்பது அதன் பொருள். பதில் எதிர்பார்க்கிற கேள்வி அல்ல. இலந்தையைப் பற்றிக் கேட்டேன். வியாசரும் பராசரரும் காகபுசுண்டரும் மாணிக்கவாசகரும் அதன் அடியில் இருந்து வழிபட்டவர்கள் என்றார். வயது? "உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பார்த்த மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் கேட்டால் நான் எங்கே போவேன்?" என்று சிரித்தார். அன்று முழுக்க நான் கேட்ட பதில்களில் இதுதான் நேர்மையானது.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. வாசலில் இரண்டு யாளிகள், வாய்க்குள் கல் உருண்டை. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று உருட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 4-இல் குடமுழுக்கு நடந்த கோயில். கோபுர வண்ணம் இன்னும் புதிதாக இருந்தது. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் நிருவாகத்தில் உள்ளது. சேதுபதிகள் காலத்திலிருந்து தொடரும் உறவு.

மரகத நடராசரைப் பார்க்க முடியாது என்பது தெரிந்தே வந்தோம். ஆறடியை நெருங்குகிற மரகதத் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும். மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் காப்பைக் களைந்து அபிடேகம் செய்து, புதுச் சந்தனம் சாத்துவார்கள். திருவாதிரை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அத்தை சன்னிதி வாசலில் நின்று, ஒரு மாதம் முன்பே வந்திருக்கலாம் என்று எனக்குக் கேட்கும்படி பெருமூச்சு விட்டார். தாழம்பூ வாங்கவும் ஆசைப்பட்டார். மற்ற சிவன் கோயில்களில் விலக்கிவைத்த பூவை இங்கே இறைவனுக்குச் சாத்துகிறார்கள். பூக்காரப் பெண், "மழைக்காலத்தில் வாருங்கள் அம்மா" என்று மல்லிகையைக் கட்டினார், முழம் 40 ரூபாய்.

இப்போது மரம்.

முதலில் ஏமாற்றம். மூவாயிரம் ஆண்டு என்றதும் மனம் தானாகவே ஒரு பூதாகரமான ஆலமரத்தை வரைந்துவைத்துக்கொள்கிறது. இலந்தை அப்படி வளராத சாதி. பிரகாரத்தில், தன் அளவுக்கு, முறுக்கேறிய தண்டோடு நிற்கிறது. கிளைகளில் மஞ்சள் கயிறுகள். இலையைக் கிட்டத்தில் பார்த்தேன்: மேலே பளபளப்பான பச்சை, அடியில் வெள்ளைப் பஞ்சு பூசியதுபோல் மென்மயிர், அடிப்பகுதியிலிருந்தே பிரியும் மூன்று நரம்புகள். முள் இரண்டிரண்டாக இருக்கும், ஒன்று நேர், மற்றொன்று கொக்கி. நேர் முள்ளுக்குத் தப்பினால் கொக்கி முள் சேலையைப் பிடிக்கும். அத்தையின் முந்தானை அப்படித்தான் மாட்டியது. காவலாளி ஓடிவந்து, இழுக்காதீர்கள், கிளை ஒடியும் என்றார். சேலையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒவ்வொரு நூலாக அவரே பொறுமையாக விடுவித்தார்.

வயதை எப்படிக் கணக்கிடுவது? குளிர்காலம் இல்லாத நம் ஊர் மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையங்களை நம்பி எண்ண முடியாது. கரிமக் கணிப்பு செய்யலாம், ஆனால் மிகப் பழைய கட்டை மரத்தின் உள்வயிற்றில்தான் இருக்கும். வயதேறிய மரங்களில் முதலில் உளுத்துப்போவதும் அதுவே. அதற்கும் மேலாக, தலவிருட்சத்தில் துளை போட யார் ஒப்புவார்கள்? போதாக்குறைக்கு இலந்தைக்கு ஒரு குணம் உண்டு: தண்டை வெட்டினாலும் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். நாம் தொடுகிற தண்டு ஒரு வயதாகவும் மண்ணுக்குள் உள்ள வேர் வேறொரு வயதாகவும் இருக்கலாம். மாணிக்கவாசகர் காலத்தை 9-ஆம் நூற்றாண்டு என்று கொள்கிறவர்கள் பலர். அவர் இதனடியில் இருந்தார் என்பதை ஏற்றாலே ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. அது ஒன்றும் குறைந்த வயதல்ல. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு 3,500 என்பார்கள், இங்கே 3,000 என்பார்கள்; கோயில்களுக்கு ஆயிரத்தில்தான் எண்ண வருகிறது.

என்னைக் கவர்ந்தது எண் இல்லை. இலந்தைக்கு இந்தச் சீமையில் கோயிலுக்கு வெளியே என்ன மரியாதை? இலை ஆட்டுக்கு, பழம் பிள்ளைகளுக்கு, முள்ளுக்கிளை வேலிக்கு. கொல்லையில் நிற்கிற இலந்தையை வெட்டித்தான் கொல்லைக்கே வேலி கட்டுகிறார்கள். எந்த இலந்தையும் கிழடாக விடப்படுவதில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் முளைத்த ஒன்று மட்டும் தப்பியது. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தை இவ்வூர் இறைவனிடம்தான் வைத்தார். பொன்னூசல் பாடும்போது உத்தரகோசமங்கையைத் தென்னை நிறைந்த சோலை என்கிறார். காலையில் பஸ் நின்ற இடத்தில் நான் தென்னையைத் தேடியிருக்க வேண்டும். அந்தச் சோலை போயிற்று, கருவேலம் வந்தது, ஆட்சிகள் மாறின. வறட்சிக்கு வளைந்துகொடுக்கிற ஒரு முள்மரம், சாமியின் பெயரால் அரிவாளுக்குத் தப்பி நிற்கிறது. இதை நம்புவதற்குப் பத்திரம் எதுவும் வேண்டாம்.

குளத்தங்கரையில் அத்தை ஆயிரம் முனிவர் கதையைச் சொன்னார். இறைவன் ஆகமநூலை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மண்டோதரிக்குக் காட்சி தரப் போனார். குளத்தில் அக்கினி எழுந்ததும் 999 பேர் அதில் பாய்ந்துவிட்டார்கள், நூலைக் காக்க ஒருவர் மட்டும் நின்றார், அவரே மாணிக்கவாசகராகப் பிறந்தார். அவர்கள் நினைவாகவே இங்கே சகசிரலிங்கம். கதையைக் கேட்டுவிட்டு, கடமையைச் செய்தவர் ஆயிரத்தில் ஒருவர்தானா என்றேன். அத்தை முறைத்தார்.

வாராகி கோயிலில் மஞ்சள் அரைக்கும் இடம் கல்யாண வீட்டுச் சமையல்கட்டைப் போல இருந்தது. அம்மிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் முன்பும் ஒரு பெண், விரலி மஞ்சள், தண்ணீர்ச் செம்பு. அத்தைக்கு மூட்டுவலி, உட்கார முடிந்தது, இழுத்து அரைக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை. பக்கத்து அம்மியில் இருந்த இளம்பெண் கேட்காமலேயே கைகொடுத்தாள். வேண்டுதல் எனக்குத்தானே சேரும் என்று அத்தைக்குச் சந்தேகம். "பாதி எனக்கு, பாதி உங்களுக்கு" என்றாள் அவள். அவளுக்கும் திருமணம்தான் வேண்டுதல் என்று பிறகு தெரிந்தது. அத்தை உடனே எந்த ஊர், என்ன படிப்பு என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன். இரண்டும் இடக்கால் செருப்பாக இருந்தன. யாரோ ஒருவர் இரண்டு வலக்கால் செருப்போடு வீடு போயிருக்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிறு – திருப்புல்லாணி, சேதுக்கரை

புதுச் செருப்பு 180 ரூபாய். பேரம் படியவில்லை.

திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தலவிருட்சம் அரசு. நேற்றைய இலந்தையைப் பார்த்த கண்ணுக்கு இது அரசமரத்தின் பெயருக்கேற்ற தோரணை. அடியில் நாகர் சிலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளை வரம் கேட்பவர்கள் சேதுக்கரையில் நீராடி, இங்கே நாகப் பிரதிட்டை செய்து, பால்பாயசம் உண்பார்கள். புல்லர் முதலிய முனிவர்களுக்குப் பெருமாள் அரசமர வடிவில் காட்சி தந்தார் என்பது தலக்கதை. தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் இராமர் சன்னிதி கூட்டமில்லாமல் கிடைத்தது. கடலரசனிடம் வழி கேட்டுப் படுத்த கோலம். பொறுமையாகக் கேட்டுப் பார்த்து, பிறகு கோபித்தவர் என்று நினைக்கும்போது நேற்றைய பஸ் ஓட்டுநர் நினைவுக்கு வந்தார்.

அரசமரத்தடியில் ஒரு குடும்பம் எங்களுக்கும் பாயசம் கொடுத்தது. அவர்கள் தாத்தா பெருமையாக, இதைவிடப் பழைய அரசு உலகத்தில் கிடையாது என்றார். வாயில் பாயசம் இருக்கும்போது மறுக்கக்கூடாது. ஆனால் இங்கிருந்து கடலுக்கு அப்பால், அனுராதபுரத்தில் ஓர் அரசு இருக்கிறது. அசோகரின் மகள் சங்கமித்தை கயையின் போதிமரத்திலிருந்து கொண்டுவந்த கிளை, நட்டது கி.மு. 288 என்று சொல்லப்படுகிறது. நட்ட கதை எழுதப்பட்டிருப்பதால் அந்த மரத்துக்கு வயது கேட்டால் காட்ட ஏடு இருக்கிறது. நம் கரையில் மரமும் உண்டு, பக்தியும் உண்டு. நட்ட நாளைக் குறித்துவைக்கிற வழக்கம்தான் இல்லை.

சேதுக்கரைக்கு ஆட்டோ 150 ரூபாய். கடல் குளம்போலக் கிடந்தது. கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர். அத்தை முழங்கால் அளவு நீரில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார்; ஆழம் போதாமல் உட்கார்ந்தே முழுக வேண்டியிருந்தது. கரையேறியதும் உடை மாற்றும் அறைக்குப் பத்து ரூபாய் கேட்டார்கள். அறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. நான் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் சேர்த்துப் பத்து ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர், அவர் பெயரைக் கேட்கவில்லை, தொப்பி அணிந்த இளைஞர், மரகத நடராசர் கதையைச் சொன்னார். மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மரைக்காயர் கடலில் புயலில் சிக்கி அலைந்து, பாசி படிந்த ஒரு கல்லைப் படகில் ஏற்றிவந்தாராம். வீட்டு வாசலில் படியாகப் போட்டிருக்கிறார். கால் பட்டுப் பட்டுப் பாசி உரிந்து, ஒரு நாள் வெயிலில் பச்சையாக மின்னியதாம். அதை அரசரிடம் கொடுத்தார், அதுதான் சாமி. "எங்கள் ஆள் கொண்டுவந்த கல்" என்று அவர் சொன்னதில் உரிமை இருந்தது. அத்தை, சன்னிதியில் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று ஆட்டோவை நிறுத்தாமலே இன்னொரு முறை கதையைக் கேட்டார்.

பிப்ரவரி 9, திங்கள் – கீழக்கரை

பழைய ஜும்மா பள்ளியை வெளியிலிருந்து பார்த்தோம். கல் தூண்களும் உத்தரமும் பாண்டிநாட்டுக் கோயில் மண்டப முறையில் இருக்கின்றன, உருவங்களுக்குப் பதிலாகப் பூவும் கொடியும். செத்தும் கொடுத்த சீதக்காதி அடங்கியிருப்பது இங்கேதான். பதினேழாம் நூற்றாண்டு வள்ளல், சேதுபதிக்கு நெருக்கமானவர், சீறாப்புராணம் பாட உமறுப்புலவருக்குத் துணைநின்றவர்.

தொதல் வாங்காமல் கீழக்கரையை விட்டு வரக்கூடாது. தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டி, முந்திரி. அடுப்பில் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கால் கிலோ 90 ரூபாய். கடையில் இருந்த முதியவர், உள்ளே வந்தவர்கள் எல்லோரும் "காக்கா" (அண்ணன்) என்று அழைத்தவர், வெட்டித் துண்டு கொடுத்துவிட்டு எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்டார். அத்தை இலந்தையில் தொடங்கி அரசில் முடித்தார். இப்போது அவரும் மர ஆராய்ச்சியாளர்.

அவர் கேட்டுவிட்டு, பருமன்தான் பெருமை என்றால் மன்னாருக்குப் போங்கள் என்றார். அவர் குடும்பம் ஒரு காலத்தில் இலங்கையில் வியாபாரம் செய்தது. பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரத்தை அவர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். நான்கைந்து பேர் கைகோத்தாலும் எட்டாது என்றார். அதன் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல் என்பதால் அவர் குறைத்தே சொல்லியிருக்கிறார். நம் பக்கம் பொந்தன்புளி, ஆனைப்புளி என்கிற மரம் அது. பிறப்பு ஆப்பிரிக்கா. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது கரையின் இரு பக்கத்திலும் சொல்லப்படும் கதை. 2015-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்கமரங்கள் ஒரே தடவையில் வந்தவை அல்ல, ஆப்பிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல முறை வந்தவை என்கிறது. இதே கரையில் பெரியபட்டினத்தில் சீனத்துப் பீங்கான் தோண்டியெடுத்திருக்கிறார்கள். அழகன்குளத்தில் ரோமானியக் காசு. பீங்கான் வந்த துறைகளுக்கு ஒரு விதை வருவது பெரிய காரியமில்லை.

"மன்னார் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று அத்தை கேட்டார். காக்கா கையைக் கடல் பக்கம் நீட்டி, அந்தக் காலத்தில் காற்று வாகாக இருந்தால் விடியற்காலையில் தோணி ஏறி மதியச் சோற்றுக்குப் போய்விடுவார்கள் என்றார். இப்போது? மதுரைக்கோ சென்னைக்கோ போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஒரு நாள் பயணம்.

அத்தை இன்னொரு கால் கிலோ தொதல் கட்டச் சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்து, பாஸ்போர்ட் எடுக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். 1,500 ரூபாய் என்றேன். காக்காவிடம் திரும்பிப் போய், தொதல் விலையில் பத்து ரூபாய் குறைக்க முடியுமா என்று கேட்டார்.